ஹோம்ஸ் தோற்ற கதை

ஷெர்லக் ஹோம்ஸின் வெற்றிகளைச் சொல்லி வியப்பவர்கள் அநேகர். எனக்கென்னவோ, அவர் தோற்ற ஒரு கதைமேல்தான் தனிப் பிரியம். கானன் டாயிலின் 'மஞ்சள் முகம்', 1893-இல் வெளிவந்தது.

நார்பரி என்ற ஊரில் மன்ரோவின் பக்கத்து வீட்டுக்கு யாரோ குடிவருகிறார்கள். மாடி ஜன்னலில் உயிரற்ற மஞ்சள் முகம் ஒன்று தெரிகிறது. மன்ரோவின் மனைவி எஃபி நள்ளிரவில் அங்கே ரகசியமாகப் போய் வருகிறாள். இறந்ததாகச் சொன்ன முதல் கணவன் உயிரோடு வந்து அவளை மிரட்டுகிறான் என்று ஹோம்ஸ் முடிவு கட்டிவிடுகிறார்.

உள்ளே போய்ப் பார்த்தால், முகமூடிக்குள் ஒரு கறுப்புச் சிறுமி! அமெரிக்காவில் இறந்துபோன கறுப்பினக் கணவனுக்கும் எஃபிக்கும் பிறந்தவள். மன்ரோ வெறுத்துவிடுவாரோ என்று அஞ்சித் தாய் அவளை ஒளித்து வைத்திருந்தாள்.

மன்ரோ சற்று நேரம் பேசவில்லை. பிறகு குழந்தையைத் தூக்கி முத்தமிட்டு, மனைவிக்கும் கை நீட்டுகிறார்.

தமக்கு இறுமாப்பு தலைதூக்கினால் 'நார்பரி' என்று காதில் சொல்லும்படி அன்றிரவு வாட்ஸனிடம் கேட்டுக்கொள்கிறார் ஹோம்ஸ். சுருட்டுச் சாம்பலைக்கூடப் படிக்கத் தெரிந்த மேதாவிக்கு ஒரு தாயின் பயம் புலப்படவில்லை. ரகசியம் என்றதும் குற்றம்தான் தோன்றியது.

அடுத்த வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் ஒரு வாட்ஸன் இருந்தால் தேவலை!