சாந்தியோடு பேச அன்று ஆள் வேண்டியிருந்தது

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு. 800 மீட்டரில் வெள்ளி வென்றார் புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் உடல் ஊருக்கெல்லாம் செய்தியானது. மறு ஆண்டு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பிறகு மீண்டு, பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடவைத்தார். அந்த மனவலிமையை எல்லாரிடமும் எதிர்பார்ப்பது கொடுமை.

2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறக்கும் இடைப்பால் குழந்தைகளுக்குப் பாலை 'சரிசெய்யும்' அறுவை சிகிச்சை கூடாது என்றார். ஆகஸ்டில் தமிழக அரசின் ஆணையும் வந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. பெரிய காரியம்தான். ஆனால் கத்தியை நிறுத்தினால் போதுமா? அந்தக் குழந்தையைப் பெற்ற தாயின் மனசை யார் பார்ப்பது?

எங்கள் நீலகிரிப் பந்தலூரில், அப்படியொரு பிள்ளை பிறந்த எஸ்டேட் லைன் வீட்டை நினைத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடலூர் போய், பஸ் மாறி ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒருநாள் கூலி போய்விடும். அங்கே தேவை, கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் பேசும் ஒருவர். இது உங்கள் குற்றமில்லை என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும். பிள்ளையிடம் வயதுக்கேற்ப, கொஞ்சங்கொஞ்சமாக, பொய்யில்லாமல் சொல்லக் கற்றுத்தர வேண்டும். மருத்துவ மாணவர்கள் கூட்டமாக வந்து பார்ப்பதை வேண்டாமென்று மறுக்கலாம் என்பதும் அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வேண்டும்.

மனசு தாங்காதபோது 14416-க்கு, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, அழைக்கலாம். இலவசம். தமிழிலேயே பேசலாம்.