குப்பியில் வாழும் ஓர் அம்மா

கொடைக்கானலில் புதிதாகக் குடியேறுகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனிப்பார்கள். குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. ஊர் கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிடக் கால் பங்கு குறைவு. அதனால் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ரத்தப் புற்றுநோய் செல்களை மலைமேல் வளர்க்க நினைக்கும் ஆய்வகத்துக்கும் இதே சிக்கல்தான்.

நோயாளியின் உடலிலிருந்து எடுத்த செல்களைக் குப்பியில் பெருக்கி, அவற்றில்தான் பல புது மருந்துகளை முதலில் சோதிக்கிறார்கள். செல்களுக்கு 37 டிகிரி சூடு வேண்டும். சத்துத் திரவம் வேண்டும். 5 சதவீதம் கார்பன் டை ஆக்ஸைடு கலந்த காற்றும் வேண்டும். திரவத்தில் கரையும் இந்த வாயுதான் அதன் அமிலத்தன்மையைச் சரியாக வைத்திருக்கிறது. மலைக்காற்றில் அழுத்தம் குறைவு என்பதால் வாயுவும் குறைவாகவே கரையும். சமவெளியில் 5 சதவீதம் செய்யும் வேலைக்குக் கொடைக்கானலில் ஏறக்குறைய 6.5 தேவைப்படும். கவனிக்காவிட்டால் சிவப்பாக இருக்கும் திரவம் கத்திரிப்பூ நிறத்தை நோக்கி மாறும், செல்கள் வாடும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரவத்தையும் புதுப்பிக்க வேண்டும். பொங்கலோ தீபாவளியோ, யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்ப்பது யாருடைய செல்களை?

‘கே-562’ என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையம் இந்திய ஆய்வகங்களுக்கு வழங்கும் செல்களில் இதுவும் ஒன்று. அமெரிக்காவில் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 53 வயதுப் பெண் ஒருவரின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து கிடைத்தவை இவை. டென்னசி மாநிலத்தின் லோஸியோ தம்பதி 1975-இல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். அந்தப் பெண்ணின் வயதும் நோயும்தான் பதிவாகியுள்ளன. பெயர் வெளியே வரவில்லை.

அதே நோய்க்கு ‘இமாடினிப்’ மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவியவற்றில் கே-562 செல்களும் உண்டு. முன்பெல்லாம் சில ஆண்டுகளே கெடு வைத்த நோய் அது. இன்று தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு பலர் வேலைக்குப் போகிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறார்கள்.

அந்த அம்மாவின் காலத்தில் அந்த மாத்திரை இல்லை. திண்டுக்கல்லிலோ பழனியிலோ அதை வாங்கிச் செல்கிறவருக்கு அவரைத் தெரிய வாய்ப்பும் இல்லை. பண்டிகை நாளிலும் ஆய்வகக் கதவைத் திறந்து குப்பியைக் கையில் எடுக்கிறவராவது ஒரு நிமிடம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.