காட்டுக்குள் இரண்டங்குல போலீஸ் வண்டி

ஹாம்பர்க் துறைமுகத்தை ஒட்டிய ஸ்பைஷர்ஸ்டாட் பகுதியில் கால்வாய்களின் கரையோரம் செங்கல் கிடங்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. 1883ல் கட்டத் தொடங்கிய இந்தக் கிடங்குகளில் ஒரு காலத்தில் காபிக்கொட்டை, தேயிலை, மசாலாச் சரக்கு, கம்பளம் எல்லாம் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. 2015ல் இந்தப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதில் ஒரு கிடங்கின் மாடிப்படி ஏறினால் இப்போது கண்ணில் படுவது மலைகள், காடுகள், அவற்றைக் குடைந்து ஓடும் ரயில்கள்.

மினியாடூர் வுண்டர்லாண்ட் என்ற இந்தக் குட்டி உலகம், டிஸ்கோ நடத்திக்கொண்டிருந்த பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்களின் கனவு. 2001 ஆகஸ்டில் திறந்தது. இன்று மாதிரிகளின் பரப்பு மட்டும் 1,500 சதுர மீட்டருக்கு மேல். உள்ளே வசிக்கும் பொம்மை மனிதர்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டுவார்கள். எல்லாமே 1:87 அளவு. ஆறடி மனிதன் இரண்டு சென்டிமீட்டர். சாலையில் போகும் போலீஸ் கார் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம், அதாவது இரண்டு அங்குலம்.

அந்தக் கார் சும்மா நிற்பதில்லை. சாலையின் அடியில் ஒரு கம்பி புதைந்திருக்கிறது. முன் சக்கரத்தோடு இணைந்த காந்தம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறது. வயிற்றுக்குள் குட்டி பேட்டரி. எங்கே நிற்க வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. க்னுஃபிங்கன் என்ற கற்பனை நகரத்தில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டிகள் நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு பறக்கின்றன. கால் மணிக்கு ஒருமுறை கூடத்தில் விளக்கு மங்கி இரவு வருகிறது. பெரியவர்களும் தடுப்புக் கம்பியில் மூக்கை வைத்துப் பார்க்கிறார்கள்.

நகரம் சரி. காட்டில் போலீஸ் வண்டிக்கு என்ன வேலை? மாதிரிக் காட்சி அமைப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஜெர்மனியின் காட்டுச் சாலைகளில் மானோ காட்டுப்பன்றியோ காரில் அடிபட்டால் ஓட்டுநர் போலீசைக் கூப்பிடுவது வழக்கம். எனவே வளைவில் நின்ற கார், ஓரமாக நீல விளக்கோடு ஒரு போலீஸ் வண்டி, கையில் குறிப்பேட்டோடு ஒரு காவலர், சற்றுத் தள்ளி புல்லில் ஒரு மான். நான்கே பொருளில் ஒரு கதை.

நம் வீட்டுக் கொலுவில் படிகளுக்குக் கீழே அமைக்கும் பார்க்கின் அண்ணன் முறைதான் இது. அங்கே மணல், முளைவிட்ட கடுகு, குளத்துக்குக் கண்ணாடித் துண்டு. இங்கே மரச்சட்டம், அதன் மேல் கம்பி வலை, அதற்கும் மேல் பாரிஸ் சாந்து. காய்ந்ததும் பாறைக்குப் பல தடவை நீர்த்த சாம்பல் வண்ணம். புல் என்பது செயற்கை இழைத் துகள். நிலைமின்சாரம் ஏற்றித் தூவினால் பசையில் ஒவ்வொரு இழையும் செங்குத்தாக நிற்கிறது. முறுக்கிய கம்பிகளுக்கு நடுவே இழைகளைச் சிக்கவைத்து, கூம்பாகக் கத்தரித்தால் ஊசியிலை மரம்.

கடைசியில்தான் வண்டி வருகிறது. கடையில் வாங்கியபடியே பளபளவென்று வைத்தால் காடு பொய்யாகிவிடும். சக்கரத்தில் பழுப்புச் சாக்குத்தூள் தடவ வேண்டும். டயர் மண்ணில் துளி அழுந்தியிருக்க வேண்டும். பின்னால் தடம் தெரிய வேண்டும்.

சின்ன வண்டிதான். ஆனால் காட்டுக்கு அளவு தருவது அதுவே. கம்பி மரம் புதரா, ஓங்கிய மரமா என்பது பக்கத்தில் கார் நின்றால்தான் விளங்கும். நிஜத்தில் 30 மீட்டர் வளரும் ஸ்ப்ரூஸ் மரம் கணக்குப்படி 34 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இடம் போதாமல் பலர் பாதியாக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் அது தருகிறது. காலம். காட்டைப் பார்த்து ஆண்டு சொல்ல முடியாது, வண்டியைப் பார்த்துச் சொல்லலாம். பச்சையும் வெள்ளையும் பூசிய வார்ட்பர்க் கார், கதவில் ஃபோல்க்ஸ்போலிட்ஸை என்ற எழுத்து என்றால் அது பழைய கிழக்கு ஜெர்மனி. பச்சை வண்ணம் மேற்கிலும் இருந்தது, ஒன்றுபட்ட ஜெர்மனியிலும் தொடர்ந்தது. 2000க்குப் பிறகுதான் மாநிலங்கள் ஒவ்வொன்றாக நீலத்துக்கு மாறின.

வுண்டர்லாண்டில் முதலில் எழுந்த பகுதிகளில் ஒன்று ஹார்ட்ஸ் மலை. நிஜ ஹார்ட்ஸ், ஹாம்பர்க்கிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அதன் உச்சியான புரோக்கனின் உயரம் 1,141 மீட்டர். 1:87 அளவில் கட்டினாலும் 13 மீட்டர் வேண்டும், கிடங்கின் கூரை போதாது. பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவலுக்குள் அடைபட்டிருந்த அந்தச் சிகரம் 1989 டிசம்பரில்தான் மக்களுக்குத் திறந்தது. இன்று நீராவி ரயிலில் ஏறி உச்சிவரை போகலாம்.

அந்த ரயிலின் ஜன்னலில் தெரிவதுதான் மாதிரி செய்பவர்களைத் திகைக்க வைக்கும். மலைச்சரிவெங்கும் சாம்பல் நிறத்தில் பட்ட மரங்கள். சுரங்கங்களுக்கு மரம் வேண்டுமென்று பல தலைமுறைகளாக ஸ்ப்ரூஸ் ஒன்றையே நட்டு வளர்த்த மலை இது. 2018ல் புயலும் வறட்சியும் வந்தன. அடுத்த ஆண்டுகளிலும் மழை பொய்த்தது. தாகத்தில் தளர்ந்த மரங்களைப் பட்டைத் துளைப்பான் வண்டு தின்றது. ஸ்ப்ரூஸ் காட்டின் பெரும்பகுதி அழிந்தது. 2022 செப்டம்பரில் புரோக்கன் அருகே தீயும் பிடித்தது. அணைக்க விமானங்கள் வர வேண்டியிருந்தது.

இத்தனையும் செய்த வண்டின் நீளம் அரை சென்டிமீட்டர். 1:87 அளவில் அதைச் செய்தால் கண்ணுக்கே தெரியாது.

2001ல் வுண்டர்லாண்டின் ஹார்ட்ஸ் உருவானபோது நிஜ மலையும் பச்சையாகத்தான் இருந்தது. இன்றைய ஹார்ட்ஸை மேஜையில் நிறுத்த நினைப்பவர் பச்சை இழைகளைச் சிறிது ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் குச்சிகளுக்குச் சாம்பல் வண்ணம் பூச வேண்டும். நிறைய பூச வேண்டும். காட்டுச் சாலையில் நீல வண்டி.

ஆனால் சாம்பலோடு நிறுத்தினாலும் அது நிஜமாகாது. தேசியப் பூங்காவின் பெரும்பகுதியில் பட்ட மரங்களை வெட்டி அகற்றாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அவற்றின் அடியில் பிர்ச், ரோவன் கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. இந்த முறை யாரும் ஒரே மரத்தை வரிசையாக நடவில்லை. அடுத்த காடு கலப்புக் காடாக வளர்கிறது.

அந்தக் கன்றுகளைச் செய்யக் கம்பி வேண்டாம். பசைத் துளியில் ஒரு சிட்டிகை பச்சைத் தூள் போதும். போலீஸ் வண்டியின் டயர் உயரத்துக்கு.