செய்யறதைச் செய்யுங்க

1978இல் என் கல்யாணப் பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. நான் அப்போது பள்ளியில் கணக்கு வாத்தியார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூடத்தில் யாருமே எதையும் கேட்கவில்லை. "நாங்க ஒண்ணும் கேட்கல. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்றார் பெரியப்பா. எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்ணின் தகப்பனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "15 பவுன் போட்டுடறேன்" என்றார். அதற்காக இரண்டு மா நஞ்சையை விற்கப்போகிறார் என்பது என் காதுக்கு முன்பே வந்திருந்தது. நான் வெற்றிலைத் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. வயதில் பெரியவர்கள் இத்தனை பேருக்குச் சரியாகப் படுவது எனக்கு மட்டும் தப்பாகத் தெரிகிறதென்றால் கோளாறு என் புத்தியில்தான் என்று நினைத்தேன்.

வெகுநாள் கழித்து, அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்திலுள்ள மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்கிறார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தப்பான கோட்டையே சொல்கிறார்கள். அந்த ஒருவர், தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை கூட்டத்தோடு போய்விடுகிறார். என்னை உலுக்கியது அதற்கடுத்த செய்தி. கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அப்படிப் பணிவது நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. கோடு அளக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். புத்தகத்தை மூடிவிட்டு மாமனாரின் துண்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு 6,000க்கும் மேற்பட்ட பெண்கள் வரதட்சணைக் கொடுமையில் சாகிறார்கள். கூடத்தில் நடந்த தலையாட்டல் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான். யார் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று படத்தோடு வருகிறது. பார்க்கிற தகப்பனுக்கு வயிறு கலங்குகிறது.

போன தை மாதம் அக்கா பேரனுக்குப் பெண் பேசப் போனோம். அதே வாசகம், சொல் மாறாமல் வந்தது. பெண்ணின் அப்பா மெல்ல, "கார் ஒண்ணு..." என்று தொடங்கினார். மறுபடியும் என் நாக்கு ஒட்டிக்கொண்டது. இத்தனை படித்தும்!

"அண்ணன்தான் சம்பாதிக்கிறானே தாத்தா, கார் வேணும்னா அவன் வாங்கிக்க மாட்டானா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள் மாப்பிள்ளையின் தங்கை. கல்லூரியில் படிக்கிறவள். சபை அப்படியே அடங்கிப்போனது. பிறகு அவள் அம்மா, "அதானே, அதெல்லாம் எதுக்கு?" என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "காரும் வேண்டாம், பவுன் கணக்கும் வேண்டாம்" என்றேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். எதிர்த்து யாரும் பேசவில்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள்.

"அன்னிக்கு நம்ம வீட்டுக் கூடத்துல இப்படி ஒருத்தர் வாயைத் திறந்திருந்தா, எங்கப்பாவோட அந்த ரெண்டு மா நின்னிருக்கும்ல?"

இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை.