எழுபது வளைவுகளும் இரண்டு தலைக்கவசங்களும்

கொல்லிமலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம் என்று சொன்னால், "இதில் என்ன அதிசயம்? நாமக்கல்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்தானே!" என்று நேயர்கள் கேட்கக்கூடும். வாஸ்தவந்தான். ஆனால் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம் என்பதுதான் இதில் விசேஷம். பதினெட்டு வருஷ இல்லறத்தில் வண்டியின்மேல் நடந்த சம்பாஷணையெல்லாம் முதுகில் தட்டுவதோடு சரி. ஒரு தட்டு என்றால் 'மெதுவாக'. இரண்டு என்றால் 'நிறுத்துங்கள்'. தொடர்ந்து விழும் தட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்பதை வண்டியை விட்டு இறங்கிய பிறகே அறிந்துகொள்வது வழக்கம்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தது 'இன்டர்காம்' என்னும் சாதனம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி ஒன்று தலைக்கவசத்தின் இடப்புறத்தைக் கவ்விக்கொள்கிறது. காதுக்கொன்றாக இரண்டு தட்டை ஒலிபெருக்கிகள், வாய்க்கு நேரே ஒரு மைக், அவ்வளவுதான். இரண்டு தலைக்கவசங்களும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். வேண்டுமானால் பாட்டும் பாடும். புளூடூத் என்பது அந்த முறையின் பெயர். பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னனின் பட்டப்பெயராம் அது. நீலப் பல் என்று பொருள்!

"அரை மணி வேலைங்க மாமா" என்று சொல்லிக்கொண்டு மைத்துனர் மகன் வந்தான். சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று. கூடத்தில் உட்கார்ந்து பேசியபோது வெகு தெளிவாகக் கேட்டது. சேலம் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தை எட்டியதுமே காற்றின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கி காதுத் துளைக்கு நேராக இல்லாமல் அரை அங்குலம் கீழே இருந்ததுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க உதவியது நம் தொழிலுக்குரிய சாக்பீஸ். காது மடலில் அதன் பொடியைத் தடவிக்கொண்டு கவசத்தை மாட்டிக் கழற்றினால், உள்துணியில் காது இருக்குமிடம் வெள்ளையாகப் பதிந்துவிடுகிறது. அங்கே ஒட்டினோம். காது சற்று நெருக்குண்டது. உள்ளிருக்கும் தெர்மோகோலைச் செதுக்கிவிடலாமென்று பையன் கத்தியை எடுத்தான். விடவில்லை. கீழே விழுந்தால் தான் நசுங்கித் தலையைக் காப்பது அதுதான் அல்லவா? துணிக்குப் பின்னாலிருந்த பஞ்சை மாத்திரம் எடுத்து இடம் செய்தோம். மின்னேற்றும் கம்பியையும், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில் ஃப்யூஸ் வைத்துச் சேர்த்தோம்; இல்லாவிடில் வண்டி நிற்கும்போதும் பாட்டரியை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

"சத்தத்தை எவ்வளவு வேணும்னாலும் கூட்டலாங்க மாமா!" என்றான் பையன். நமக்குக் கவலையாயிருந்தது. கடைசி பெஞ்சுப் பையன் சொல்லும் பதில் சில காலமாகவே நமக்குச் சரியாகக் காதில் விழுவதில்லை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் தலைக்கவசத்திற்குள் காற்றின் ஓசை ஏறத்தாழ 100 டெசிபல் இருக்கும். அமெரிக்கத் தொழில் சுகாதார நிலையத்தின் கணக்குப்படி 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்கலாம். நூறானால் கால் மணி நேரமே. அந்த இரைச்சலுக்குமேல் பாட்டையும் உயர்த்துவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. ஆகவே சமவெளியில் மருந்துக்கடைக் காதடைப்பான்களை வைத்துக்கொண்டு, மிதமான வேகத்தில் புறப்பட்டோம். ஆச்சரியம், காற்று அடங்கிப் பேச்சு முன்னிலும் தெளிவாயிற்று.

சேந்தமங்கலமும் காளப்பநாயக்கன்பட்டியும் பாட்டோடு கழிந்தன. காரவள்ளி அடிவாரத்தில் காதடைப்பான்களை எடுத்துவிட்டோம். பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. அதுதான் பிசகு. பத்தாவது வளைவு இருக்கலாம். பஸ்ஸின் ஹாரன் நம் காதில் விழவேயில்லை. "ஏனுங்க! பஸ்ஸு!" என்ற குரல்தான் விழுந்தது. மலையோரம் ஒதுங்கி நிற்கவும், பஸ்ஸின் மூக்கு வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டு இறங்கவும் சரியாயிருந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

"அந்தப் பாட்டை நிறுத்துங்க."

நிறுத்தினோம். அதன்பின் அவள் கண்ணைக் கொண்டே ஏறினோம் என்று சொல்ல வேண்டும். ஓட்டுகிறவன் பார்வை முன்சக்கரத்தை விட்டு அகலாது. பின்னால் இருப்பவரோ தலை நிமிர்ந்து மேலே அடுக்கடுக்காய்ச் செல்லும் பாதையைப் பார்க்க முடிகிறது. "ரெண்டு வளைவு தள்ளி லாரி வருதுங்க", "இப்ப ஒண்ணும் இல்லீங்க, போங்க" என்று காதோரம் வந்துகொண்டேயிருந்தது.

நாற்பது வளைவுகளைத் தாண்டியிருப்போம். "கல்யாணமான புதுசுல இங்க வந்தோமில்லீங்க?" என்றாள்.

"ஆமாம். நீ எவ்வளவு ரசித்தாய் அன்று! ஒரு வார்த்தை பேசவில்லையே!"

"எழுபது வளைவுக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு வந்தேனுங்க. முதுகுல தட்டித் தட்டிப் பார்த்தேன். நீங்க இன்னும் வேகமாப் போனீங்க."

அந்தத் தட்டுகளை உற்சாகமென்றே பதினெட்டு வருஷமாக எண்ணியிருந்தோம். பள்ளிக்கூடத்திலும் பலரிடம் சொல்லியிருக்கிறோம். இரண்டாவது கியருக்கு மாற்றினோம். வேறு பதில் தோன்றவில்லை.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையருகே சற்று நின்றோம். அறப்பளீசுவரரைத் தரிசித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி ஆகாயகங்கை அருவியைக் கண்டு, ஏறும்போது முழங்கால்கள் செய்த முறையீட்டை விவரிக்கப் போவதில்லை. தலைக்கவசங்களை வண்டியில் பூட்டிவிட்டுப் போனோமே தவிர, பெட்டிகளை அணைக்க மறந்துவிட்டோம். திரும்பும்போது சிறிது தூரத்திலேயே அவள் பெட்டி ஓய்ந்துவிட்டது. மின்னேற்றும் கம்பியோ ஒன்றுதான்.

ஆகவே மெதுவாக இறங்கினோம். இருட்டும் வேளை. ஏதோவொரு வளைவில் முதுகில் இரண்டு தட்டுகள் விழுந்தன. சற்றுக் கீழே அகலமான இடம் பார்த்து நிறுத்தி, என்ன என்று கேட்டோம். அவள் பதில் சொல்லவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சமவெளியில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கிய விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.