அட்வான்ஸ் பணம் யாருடையது?

பாரிசுக்கு வடக்கே சார்செல் நகரில் நான் வாடகைக்குக் குடியிருக்கிறேன். புதுச்சேரியின் சேதராப்பட்டில் அப்பா கட்டிய வீட்டின் பின்கட்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒரு நாட்டில் குடித்தனக்காரன், இன்னொரு நாட்டில் வீட்டுக்காரன். எங்களைச் சுற்றிப் பலருக்கும் இதே நிலைதான். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும், அவர்கள் வழியாக வந்த உறவினர்களும் இங்கே நிறைய. அவர்களுக்கும் ஊரில் வீடு உண்டு, அதில் யாரோ குடியிருக்கிறார்கள்.

பிரான்சில் அட்வான்ஸுக்கு வரம்பு வைப்பது 1989 ஜூலை 6-ஆம் தேதிச் சட்டம். மேசை, கட்டில் எதுவும் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 2008 வரை இது இரண்டு மாதமாக இருந்தது. காலி செய்து சாவி கொடுத்த ஒரு மாதத்துக்குள் பணம் திரும்பி வர வேண்டும். வீட்டில் சேதம் இருந்தால் இரண்டு மாதம். தவணை தாண்டினால், தொடங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வாடகையில் பத்து சதவீதம் கூட்டித் தர வேண்டும்.

ஆனால் தொகையை விட என்னைக் கவர்ந்தது குடியேறும் நாளில் எழுதும் தாள். வீட்டுக்காரரும் குடியேறுபவரும் அறை அறையாக நடப்பார்கள். குழாயைத் திறந்து பார்ப்பார்கள், ஜன்னலை மூடிப் பார்ப்பார்கள். சுவரில் கீறல், தரையில் கறை, சாவிகளின் எண்ணிக்கை, மீட்டர் அளவு எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். காலி செய்யும் நாளிலும் அதையே செய்து, இரண்டு தாளையும் ஒப்பிடுவார்கள். புதிதாக உடைந்ததற்கு மட்டுமே பிடித்தம், அதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும். பல வருடம் குடியிருந்ததில் மங்கிய பெயின்ட் வீட்டுக்காரர் பொறுப்பு. தகராறு வந்தால் மாவட்டச் சமரசக் குழுவிடம் செலவில்லாமல் போகலாம். இங்கேயும் பணத்தை இழுத்தடிப்பவர்கள் உண்டு, பிரெஞ்சு எழுதத் தெரியாதவரிடம்தான் அது அதிகம் நடக்கிறது. ஆனாலும் கையில் தாள் இருப்பவர் ஒரு பதிவுத் தபால் அனுப்பினால் பெரும்பாலும் வழி பிறக்கிறது.

ஊருக்கு வருவோம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வெகுகாலப் பழக்கம். தமிழ்நாட்டின் 2017 சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் என்கிறது. மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் குடியிருப்புக்கு இரண்டு மாதம் என்கிறது, ஆனால் மாநிலங்கள் ஏற்றால்தான் அது செல்லும். சட்டம் எதுவாக இருந்தாலும், காலி செய்யும்போது "பெயின்ட் அடிக்கணும்" என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் வடமாநிலப் பையன்களை நினைத்தால் இது மனதை உறுத்துகிறது. கான்ட்ராக்ட் முடிந்ததும் ரயில் ஏறுகிறவனிடம் "அடுத்த மாசம் தரேன்" என்றால், அந்தப் பணம் போனதுதான். திரும்பி வந்து கேட்க அவனால் முடியாது.

அதனால் எங்கள் அறைகளுக்கு ஒரு மாத அட்வான்ஸ்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என் தங்கை கணவர், "எதுக்கு மச்சான் இவ்ளோ எழுத்து? நம்ம ஊர்ல வாய்ப்பேச்சு போதும்" என்றார். வாய்ப்பேச்சு நமக்குப் போதும், நாம் பணத்தை வைத்திருப்பவர்கள். கொடுத்தவனுக்கு எது போதும் என்று கேட்டேன். இப்போது தமிழிலும் இந்தியிலும் ஒரு தாள் எழுதி, போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்கிறோம். சாவியைத் திரும்ப வாங்கும் நாளிலேயே மீதிப் பணம் அவன் கணக்குக்குப் போய்விடுகிறது. பெயின்ட் செலவு எங்களுடையது.

வெளிநாட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு ஊரில் வீடு விட்டிருக்கும் புதுச்சேரிக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நீங்கள் இங்கே சட்டப்படி எதிர்பார்ப்பதை அங்கே குடியிருப்பவருக்கும் கொடுங்கள். அட்வான்ஸ் அவர் பணம். நம்மிடம் இருப்பது பாதுகாப்புக்கு மட்டும்.