சாலைத் தெருவும் நம் பிள்ளைகளும்

கழக்கூட்டத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பலவற்றை இம்மண்ணுக்கு அழைத்து வந்தது, 1990இல் தோன்றிய டெக்னோபார்க் ஆகும். எனவே நம் பிள்ளைகள் தம்மை இந்நகருக்கு நேற்று வந்த விருந்தினராகவே எண்ணி வளர்கின்றனர். அவ்வெண்ணம் மாற வேண்டுமாயின், ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சாலைக் கடைத்தெருவுக்கு அவர்களை ஒருநாள் அழைத்துச் செல்லுதல் நன்று.

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெரு, தர்மராஜா எனப் போற்றப்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருப்பெற்றது. அமைத்தவர் திவான் இராஜா கேசவதாசர். தலைநகருக்கு வேண்டும் பண்டங்கள் யாவும் ஓரிடத்தில் கிடைத்தல் வேண்டும் என்பது அவர்தம் நோக்கம். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாகிய நாஞ்சில் நாடு தெற்கே அணித்தாக இருந்தது. தமிழ் வணிகரும் இங்கே கடை விரித்தனர். தமிழும் மலையாளமும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டன.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நாட்டின் நடுவே எல்லைக்கோடு விழுந்தது. வாணிகம் அக்கோட்டைக் கடந்து நடந்தது. ஓணத் திருநாளில் மலையாள நாட்டு முற்றங்களில் பூக்களமாய் விரியும் மலர்களில் இன்றும் தோவாளைப் பூக்கள் உண்டு.

இத்தெருவில் கடை நடத்திக்கொண்டே, இங்குள்ள சுமைதூக்கிகளையும் ஆதரவற்றோரையும் தமிழ்க் கதைகளில் வாழவைத்தவர் ஆ. மாதவன். 2015ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2021இல் மறைந்தார். 'கடைத்தெருக் கதைகள்' என்னும் அவர்தம் நூற்பெயரே இத்தெருவுக்குக் கிடைத்த பட்டயம் எனலாம்.

எனினும், நம் மொழியினர் உழைத்த தெரு என்னும் பெருமை மட்டும் நமக்கு அதில் உரிமை தந்துவிடாது. இன்று அரிசியும் பருப்பும் அலைபேசி வழியே நம் வாயிலுக்கு வந்துவிடுகின்றன. கோட்டை வாயிலைக் காக்கத் தொல்லியல் துறை உண்டு. கடைத்தெருவைக் காப்பவரோ வாங்க வருவோரே. வாங்குவோர் வாராதொழியின், கட்டடங்கள் நிற்பினும் தெரு மாண்டுபோகும்.

ஆகவே, வரும் பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சட்கொத்தும் பானையும் நாம் சாலையில் வாங்குவோமாக. விலை பேசும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைப்போம். கடைக்காரர் மலையாளத்தில் விலை சொல்ல, அவர்கள் தமிழில் குறைத்துக் கேட்கட்டும். இந்நகர் தமக்கும் உரியது என்பதை அப்பேச்சே அவர்களுக்கு உணர்த்தும்.